நானூறு முணுமுணுப்புகளும் ஒரு கேள்விக்குறியும்

கம்பியூட்டருக்கு நிரல் எழுதுகிற தொழிலில் பாதி நேரம் எழுதுவதில் போகும். மீதி நேரம், எழுதியதைப் பற்றி மெஷின் சொல்லும் குறைகள் காதில் விழாத மாதிரி இருப்பதில் போகும். இதே தொழிலில் தலையைக் கொடுத்திருக்கும் சகோதர சகோதரிகளே, உங்களுக்கு நான் புதிதாக எதுவும் சொல்லப்போவதில்லை. தலை தப்பியவர்கள் மட்டும் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

நான் வேலை பார்த்தது கண்டியில், பேராதனை வீதியிலிருந்து மேலே ஏறும் ஓர் ஒழுங்கையில், திரைச்சீலைக் கடையொன்றின் மேல்மாடியில். யுத்தம் கடைசிக் கட்டத்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்த வருடங்கள். ஒபீஸில் மொத்தம் நான்கு பேர். முதலாளி ரிஸ்வான், தலைமுறை தலைமுறையாகக் கண்டியில் இருக்கும் முஸ்லிம் குடும்பம். எங்கள் எல்லோருக்கும் அவர் ‘நானா’, அண்ணன். யாழ்ப்பாணத்துத் தயாபரன் அண்ணா. கட்டுகஸ்தோட்டையிலிருந்து வரும் சிங்களப் பையன் நுவன்; பையன் என்றாலும் என்னைவிட மூன்று வயது மூப்பு, அதனால் நான் அவருக்கு ‘நங்கி’, தங்கச்சி. நாலாவது ஆள், நாவலப்பிட்டியிலிருந்து தினமும் பஸ் ஏறி வரும் நான், கலா.

என் பொறுப்பில் இருந்தது களஞ்சியம். ஒரே நிரலை நாலு பேர் எழுதினால் ஒருவர் எழுதியதை இன்னொருவர் அழித்துவிடுவார் இல்லையா? அதைத் தடுக்க ஒரு கருவி உண்டு. எல்லோரும் எழுதியதை அதனிடம் ஒப்படைக்க வேண்டும். யார், எப்போது, எதை மாற்றினார் என்று அது குறித்து வைத்துக்கொள்ளும். மெஷின் எரிந்தாலும் வேலை எரியாது. நல்ல கருவி. ஒரேயொரு குறை, அதற்கு வாய் அதிகம்.

தினமும் நானூறு தடவை

ஒபீஸில் இரண்டு மெஷின்கள் ஒரு வகை, இரண்டு வேறு வகை. ஒரு வரி எங்கே முடிகிறது என்பதற்கு இந்த வகை ஒரு அடையாளம் வைக்கும், அந்த வகை வேறொன்று வைக்கும். கண்ணுக்குத் தெரியாத அடையாளம்தான், யாருக்கும் ஒரு நட்டமும் இல்லை. ஆனால் எங்கள் கருவிக்கு அது பொறுக்காது. ஒவ்வொரு கோப்புக்கும் ‘வார்னிங்: வரி முடிவு மாறப்போகிறது’ என்று ஒரு வரி எழுதும். எங்களிடம் இருந்ததோ ஏறத்தாழ நானூறு கோப்பு. காலையில் வந்து கதிரையில் உட்கார்ந்து ஒரு கட்டளை கொடுத்தால் திரை மேலிருந்து கீழே ஓடத் தொடங்கும். நான் போய் பிளேன்டீ ஊற்றிக்கொண்டு வருவேன். அப்போதும் ஓடிக்கொண்டிருக்கும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் அதையெல்லாம் வாசித்தேன். இரண்டாவது வாரம் மேலோட்டமாகப் பார்த்தேன். மூன்றாவது வாரம் திரையைப் பார்க்கவே இல்லை. “இதைப் பார்த்து உங்களுக்குப் பயமா இல்லையா?” என்று நுவனிடம் கேட்டேன். அவர் தன் திரையில் ஓடுவதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பணிஸைக் கடித்துக்கொண்டே பதில் சொன்னார்:

“நங்கி, இது வார்னிங் இல்ல. நம்ம பன்சலையில, புத்த கோயில்ல, காலையில பிரித் ஓதிப் போடுறது தானே, அது மாதிரி. சத்தம் வந்தா நல்லம், அர்த்தம் கேக்க வேணாம்.”

ஆசனத்துக்குக் கீழே

நாட்டு நிலைமையும் அப்படித்தான் இருந்தது. எந்த பஸ்ஸில் ஏறினாலும் ஓர் அறிவித்தல் ஒட்டியிருக்கும்: உட்காருமுன் ஆசனத்தின் கீழ் பாருங்கள், உரிமையாளர் இல்லாத பொதிகளைக் கண்டால் உடனே அறிவியுங்கள். ஒட்டிய முதல் வாரம் நாவலப்பிட்டி பஸ்ஸில் எல்லோரும் குனிந்து குனிந்து பார்த்தார்கள். தலையும் தலையும் முட்டிக்கொண்டதுதான் மிச்சம். ஒரு மாதம் போனதும் அதே அறிவித்தலின் மேல் யாரோ டியூஷன் வகுப்பு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள்.

ஒருநாள் கொண்டக்டருக்குத் திடீரென்று கடமையுணர்ச்சி வந்துவிட்டது. “எல்லாரும் சீட்டுக்குக் கீழ பாருங்க!” என்று கத்தினார். பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. என் தோளில் சாய்ந்தபடி தேயிலைத் தோட்டத்துப் பெரியவர் ஒருவர் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தார். அவர் கொண்டக்டரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“நாங்க ஏறுன நாள்லருந்து நின்னுக்கிட்டுத்தான் போறோம். சீட்டு ஒண்ணு குடுங்க தம்பி, அப்புறமா அதுக்குக் கீழ பாக்கிறோம்.”

மாதக் கடிதம்

தயாபரன் அண்ணாவுக்கு மட்டும் ஒபீஸ் என்பது சம்பளத்தைவிடப் பெரிய விஷயம். வடக்கிலிருந்து வந்து கண்டியில் தங்கியிருப்பவர் பொலிஸில் பதிய வேண்டும். ஏன் இங்கே இருக்கிறாய் என்று யார் கேட்டாலும் காட்டக் கையில் ஒரு காரணம் வேண்டும். அவருடைய காரணம் நானா கையொப்பமிட்டு முத்திரை குத்தித் தரும் ஒரு கடிதம். ‘இன்னார் எமது நிறுவனத்தில் பணிபுரிகிறார்.’ மாதத்துக்கு ஒன்று. அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப் பையில் வைத்திருப்பார். ஊருக்குப் போகும் பாதை மூடிக் கிடந்தது. கூட இருந்த மனைவிக்கு ஏழாவது மாதம். கடிதம் இல்லாவிட்டால் வீட்டுக்காரர் அடுத்த நாளே அறையைக் கேட்பார் என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

கடிதம் தருகிற ஒபீஸோ இழுத்துக்கொண்டு கிடந்தது. கையில் இருந்தது ஒரே ஒரு வாடிக்கையாளர், கம்பளை ஹாஜியார். அவருடைய ஹார்ட்வெயார் கடைக்கும் மூன்று ஸ்டோருக்கும் சாமான் பட்டியல் வைக்கும் நிரலை எழுதிக்கொண்டிருந்தோம். அவருக்குப் பிடித்தால் அவருடைய சொந்தக்காரர் ஏழெட்டுப் பேர் வருவார்கள். பிடிக்காவிட்டால் ஒபீஸை மூட வேண்டியதுதான். அந்த மாதக் கடிதத்தில் முத்திரை குத்தும்போது நானா சொன்னது இது:

“ஹாஜியார் ஓமெண்டு செல்லட்டும், தம்பி, வருஷம் பூரா கடிதம் தாரன். இல்லாட்டி நானும் கட்டாருக்குப் போக யார்கிட்டயாவது கடிதம் கேக்கத்தான் ஈக்குது.”

ஹாஜியாரின் கேள்வி

ஹாஜியார் இரண்டு விஷயம் கேட்டிருந்தார். முதலாவது, பில் தமிழில் அச்சாக வேண்டும். தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள் வாசிக்க வேண்டும். அந்த நாளில் டொட் மெட்ரிக்ஸ் பிரிண்டரில் தமிழ் வரவழைப்பது லேசான காரியமில்லை. கொம்பு ஒரு பக்கம் போகும், புள்ளி இன்னொரு பக்கம் போகும். அந்த வேலையைத் தயாபரன் அண்ணா தலையில் கட்டினோம்.

இரண்டாவதை அவர் மெஷின் முன்னால் உட்கார்ந்த பிறகுதான் சொன்னார். எதையாவது அழித்தால், ‘நிச்சயமாகவா?’ என்று எங்கள் நிரல் ஒரு தடவை கேட்கும். நாலு ஆணி வகையை அழித்தார், நாலு தரம் கேட்டது. ஹாஜியார் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்:

“மகள், நாப்பது வருஷமா வியாபாரம் செய்றன். என்ட பொண்டாட்டியும் என்னக் கேட்டதில்ல ‘நிச்சயமா’ண்டு. இந்தச் சாமான் யாரு என்னக் கேக்க? எடுத்துப் போடுங்க அத.”

வாய்ப்பூட்டு

எடுத்துப் போட்டேன். அந்த உற்சாகத்தில், எங்கள் களஞ்சியக் கருவியின் வாயையும் கட்டிவிடலாம் என்று தோன்றியது. முறையாகச் செய்வதென்றால் நாலு மெஷினிலும் வரி முடிவை ஒன்றாக்க வேண்டும். ஒரு நாள் வேலை. நான் செய்தது பத்து நிமிட வேலை. கருவி பேசுவதற்கும் திரைக்கும் நடுவில் ஒரு சின்ன வடிகட்டி வைத்தேன். ‘வார்னிங்’ என்று வரும் வரியையெல்லாம் அது விழுங்கிவிடும். பிறகு ஆசை கூடிவிட்டது. கேள்விக்குறியோடு தொடங்கும் வரிகளும் சில வரும். ‘இந்தக் கோப்பு இங்கே கிடக்கிறது, ஆனால் என்னிடம் ஒப்படைக்கவில்லை’ என்று கருவி சொல்லும் விதம் அது. அநேகமாக எல்லாமே குப்பைக் கோப்புகள்தான். அவற்றையும் விழுங்கச் சொன்னேன். அடுத்த நாள் காலை திரை வெள்ளவெளேர் என்று கிடந்தது. நுவன் எழுந்து நின்று கை தட்டினார். நானா எனக்கு ஒரு கிழங்கு ரொட்டி வாங்கித் தந்தார்.

தயாபரன் அண்ணா மட்டும் தன் மெஷினில் வேண்டாம் என்றார். அவர் நானூறு வரியையும் வாசிக்கிற ஆள். புதுக் கோப்பு எழுதினால், கேள்விக்குறி வருகிறதா என்று பார்த்து, வந்த பிறகுதான் ஒப்படைப்பார். அது அவருடைய முறை. எனக்கு அது வீண் பிடிவாதமாகப் பட்டது. அவர் சாப்பிடப் போன நேரத்தில் அவருடைய மெஷினிலும் வடிகட்டியைப் போட்டுவிட்டேன். இரண்டு நாள் கழித்து, “இப்ப கொஞ்சம் அமைதியாக் கிடக்கு, வரி முடிவைத் திருத்திப்போட்டீரோ?” என்று கேட்டார். நான் “ம்” என்றேன். அந்த ஒரு ‘ம்’மை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முகம் சூடாகிறது. ஏனென்றால், வேண்டாம் என்று சொன்ன நாளில் அவர் காரணத்தையும் சொல்லியிருந்தார்:

“எங்கட ஊரில ஒரு அறிவித்தல் விழுந்தா நாங்கள் கடைசி எழுத்து வரைக்கும் வாசிப்பம், கலா. வாசியாமல் விட்ட ஆக்கள் இப்ப ஒண்டையும் வாசிக்க உயிரோட இல்லை.”

நானா ஓடிய ஓட்டம்

ஹாஜியார் அந்த வார வெள்ளிக்கிழமை உம்ராவுக்கு, மக்காவுக்குப் புறப்படுகிறார். அதற்குள் எல்லாவற்றையும் காட்டி முடிக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை காலை நானா புறப்பட்டார். ஒபீஸில் நல்ல மெஷின் தயாபரன் அண்ணாவுடையதுதான். அதை ஒரு பிஸ்கட் பெட்டிக்குள் வைத்து, தும்புக்கயிற்றால் கட்டி, கம்பளை பஸ்ஸில் ஏற்றி, டிரைவருக்குப் பின்னால் வைத்துக்கொண்டு போனார்.

பேராதனை தாண்டி ஒரு சோதனைச் சாவடி. எல்லோரும் பொதியோடு இறங்கி நடக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து நானாவுக்குப் போன் வந்தது. பேசிக்கொண்டே இறங்கினார், பேசிக்கொண்டே அடையாள அட்டையைக் காட்டினார், பேசிக்கொண்டே தூரப் போய் மரத்தடியில் நின்றார். பஸ்ஸுக்குள் ஏறிய ஆமிக்காரர், “இது யாருடைய பெட்டி?” என்று மூன்று தடவை கேட்டாராம். பதில் இல்லை. அவ்வளவுதான், சனம் ஓடத் தொடங்கியது. நானாவும் ஓடினார். கனத்த உடம்பு, என்றாலும் முன்னுக்கு வந்த நாலைந்து பேரில் அவர் ஒருவர் என்று பிறகு கேள்விப்பட்டோம். அரை மைல் தள்ளி ஒரு தேத்தண்ணிக் கடையில் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும்போதுதான், கை இரண்டும் வெறுமையாக இருப்பதைக் கண்டார். போய் “அது என்னுடையது” என்று சொல்லத் தைரியம் வரவில்லை. த்ரீவீல் பிடித்து ஒபீஸுக்கே திரும்பிவிட்டார். நாங்கள் மூவரும் சுற்றி நின்றோம். அவர் எங்களைப் பார்த்துக் கோபமாகச் சொன்னார்:

“ஓடுங்கண்டாங்க, ஓடினன். என்ட பெட்டிக்குப் பயந்துதான் நானே ஓடுறண்டு எனக்கு எப்படித் தெரியும்?”

அது இல்லை

சிரித்தோம். சிரிக்கலாம்தானே? மெஷின் போனால் என்ன, வேலை எல்லாம் களஞ்சியத்தில் இருக்கிறது. “ஈக்குது தானே, தங்கச்சி?” என்று நானா கேட்டார். “இல்லாம எங்க போகும், நானா!” என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டு, என் மெஷினில் எல்லாவற்றையும் எடுத்து ஓட்டிப் பார்த்தேன். சாமான் பட்டியல் வந்தது. ஸ்டோர் மூன்றும் வந்தன. பில்லை அச்சிடச் சொன்னேன். பிரிண்டர் கிரீச்சென்று கத்தி ஒரு வெற்றுத் தாளைத் தள்ளியது.

தமிழ் அச்சுக்கான கோப்பு களஞ்சியத்தில் இல்லை. மூன்று வாரம் பாடுபட்டு எழுதிய புதுக் கோப்பு அது. கருவி தினமும் காலையில் ஒரு கேள்விக்குறி போட்டு, ‘இதை என்னிடம் தரவில்லையே’ என்று கேட்டிருக்கிறது. என் வடிகட்டி தினமும் அதை விழுங்கியிருக்கிறது. கேள்விக்குறி வராததால், ஒப்படைத்தாயிற்று என்று தயாபரன் அண்ணா நினைத்துக்கொண்டிருக்கிறார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சாப்பாட்டு நேரத்தில் செய்ததையும், அந்த ‘ம்’மையும் சேர்த்து. நானா தலையில் கை வைத்தார். இன்னும் இரண்டு நாளில் மூன்று வார வேலையைத் திரும்ப எழுத முடியாது. ஹாஜியார் போய்விடுவார், ஒபீஸும் போய்விடும், கடிதமும் போய்விடும்.

நுவன் பொலிஸுக்குப் போன் போட்டார். பெட்டியை வெடிக்க வைக்கவில்லையாம். கொக்கியை மாட்டித் தூரத்திலிருந்து கயிற்றால் இழுத்து, வடிகானுக்குள் உருட்டி, உள்ளே கம்பியூட்டர் என்று கண்ட பிறகு பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். உரிமையாளரைத் தேடுகிறார்களாம். நாங்கள் மூன்று பேரும் உயிர் வந்தவர்களாக எழுந்தோம். தயாபரன் அண்ணா எழும்பவில்லை. எல்லா மெஷினுக்கும் அழகாகப் பெயர் ஒட்டி வைத்ததும் களஞ்சியப் பொறுப்பாளராகிய நான்தான் என்பது அப்போது எனக்கு நினைவில்லை, அவருக்கு இருந்தது.

“அந்தப் பெட்டியில என்ர பெயர் ஒட்டிக் கிடக்கு, கலா. இங்கிலீசில, பெரிய எழுத்தில.”

பொலிஸ் நிலையத்தில்

அவரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு நாங்கள் மூவரும் போனோம். சார்ஜன்ட் நரைத்த மீசைக்காரர். பேசியது முழுக்கச் சிங்களத்தில். இங்கே தமிழில் சொல்கிறேன். மெஷின் அவருடைய மேசையில் ஒரு பக்கம் நசுங்கிப்போய், சேறோடு இருந்தது. “தயாபரன் யார்?” என்பதுதான் முதல் கேள்வி. “அது… மெஷினுடைய பெயர், சேர்” என்றார் நானா. சார்ஜன்ட் அவரைப் பார்த்தார். நானா, “நல்ல மெஷின்களுக்கு நாங்கள் பெயர் வைப்போம்” என்று மேலும் ஒரு பொய்யை அதற்கு முட்டுக் கொடுத்தார்.

“நான்தான்” என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. திரும்பினால் தயாபரன் அண்ணா வாசலில் நிற்கிறார். அடுத்த பஸ்ஸில் வந்திருக்கிறார். பிளாஸ்டிக் உறையிலிருந்து கடிதத்தை எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினார். அதைப் பார்க்க முடியாமல் நான் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தேன். அவருக்கு என்ன நடந்தாலும் அதற்கு நான்தான் காரணம் என்று மனது சொல்லிக்கொண்டே இருந்தது. சார்ஜன்ட் கடிதத்தை வாசித்தார், திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். “இதற்குள் என்ன வேலை இருக்கிறது, காட்டு” என்றார்.

நிலையத்தில் டைப் அடிக்கும் கம்பியூட்டரின் திரையைக் கழற்றி மாட்டினார்கள். அண்ணா இரண்டு தடவை கடவுச்சொல்லைத் தவறாக அடித்தார். மூன்றாம் தடவை மெஷின் திறந்துகொண்டது. கோப்பு இருந்தது! என்னால் பொறுக்க முடியவில்லை. குறுக்கே கையை விட்டு, முதல் வேலையாக என் வடிகட்டியை அழித்தேன். பிறகு எல்லாவற்றையும் ஒப்படைக்கச் சொல்லிக் கட்டளை கொடுத்தேன். அவ்வளவு நாளும் வாய் கட்டிக் கிடந்த கருவி மொத்தமாகக் கத்தத் தொடங்கியது. வார்னிங், வார்னிங், வார்னிங் என்று திரை ஓடுகிறது. சார்ஜன்டுக்கு வேறு இங்கிலீஷ் தெரியுமோ தெரியாதோ, அந்தச் சொல் நன்றாகத் தெரியும். கதிரையைத் தள்ளிவிட்டு இரண்டு எட்டுப் பின்னால் போனார். பக்கத்து மேசைக் கொஸ்தாப்பல்கள் இருவர் வாசலுக்கே போய்விட்டார்கள். நானாவும் ஓடத் திரும்பினார். நுவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

“ஒன்றுமில்லை சேர், ஒன்றுமில்லை, இது தினமும் இப்படித்தான்!” என்று நான் கத்தினேன். திரை ஓடி முடியும்வரை யாரும் அசையவில்லை. பிறகு சார்ஜன்ட் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தமிழ் பில் ஒன்றைத் திரையில் காட்டினோம். ஆணி, சீமெந்து, தகரம் என்று ஒவ்வொன்றாக நுவன் சிங்களத்தில் மொழிபெயர்த்தார். சார்ஜன்ட் திரைக்குக் கிட்டக் குனிந்து பார்த்தார். கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்து அண்ணாவின் கையில் கொடுத்தார். புத்தகத்தில் ‘ஒரு கம்பியூட்டர், மறதியாக விடப்பட்டது’ என்று எழுதி நானாவிடம் கையொப்பம் வாங்கினார். பெயர் எழுதிய ஸ்டிக்கரைத் தன் கட்டைவிரல் நகத்தால் மெதுவாகச் சுரண்டி, முழுதாக எடுத்து, உருட்டிக் குப்பைக் கூடையில் போட்டார். என்னைப் பார்த்துச் சொன்னார்:

“இந்தக் காலத்தில் ஆளுக்குப் பெயர் இருந்தால் போதும், நங்கி. பெட்டிக்கு வேண்டாம்.”

கம்பளையில் மறுபடியும்

புதன்கிழமை நாலு பேரும் பெட்டியோடு போனோம். சாவடியில் இறங்கி நடக்கும்போது ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொண்டோம். ஹாஜியாரின் மேசையில் தமிழ் பில் அச்சாகி வந்தது. கொம்பு கொம்பின் இடத்திலும், புள்ளி புள்ளியின் இடத்திலும் இருந்தன. ஹாஜியார் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, வந்திருந்த வாடிக்கையாளர் ஒருவரிடம் வாசிக்கக் கொடுத்தார். அவர் தடக்காமல் வாசித்தார். ஹாஜியாரின் முகம் மலர்ந்தது. தானும் ஒன்று அடித்துப் பார்க்கிறேன் என்று மெஷின் முன்னால் உட்கார்ந்தார். எந்தச் சாவியைத் தட்டினாரோ, ஆணி வகை அத்தனையும் ஒரு நொடியில் மறைந்துவிட்டன. மெஷின் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வேண்டாம் என்றுதானே அவர் சொல்லியிருந்தார்.

நான் களஞ்சியத்திலிருந்து பட்டியலைத் திரும்ப எடுத்துக் கொடுத்தேன். நானா கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். ஹாஜியார் தொண்டையைச் செருமினார்:

“சரி, நான் எடுக்கிறன். ஆனா மகள், அந்த ‘நிச்சயமா’வத் திரும்பப் போடுங்க. ஒருக்காக் கேட்டாப் போதும், பொண்டாட்டிக்குச் செல்ல வேணாம்.”

ஆஸ்பத்திரியில்

அதன் பிறகு நான் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து வரி முடிவுகளை முறையாகத் திருத்தினேன். நானூறு முணுமுணுப்பும் நின்றது. கேள்விக்குறி மட்டும் வந்தது. நானா சொன்ன சொல் தவறாமல் மாதாமாதம் முத்திரை குத்தினார். தயாபரன் அண்ணா என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். சாப்பிடப் போகும்போது மட்டும் தன் மெஷினைப் பூட்டிவிட்டுப் போகத் தொடங்கினார்.

இரண்டு மாதம் கழித்து அவருக்கு மகள் பிறந்தாள். நாங்கள் பார்க்கப் போனோம். அண்ணா வார்டு வாசலில் ஒட்டியிருந்த அறிவித்தல் ஒவ்வொன்றையும் கடைசி எழுத்து வரை வாசித்துக்கொண்டு நின்றார். உள்ளே கூட்டிப்போனார். பிள்ளையின் கையில் தாயின் பெயர் எழுதிய துணி நாடா. முகமெல்லாம் சிவக்க வீரிட்டு அழுகிறாள். பால் குடித்தாயிற்றாம், துணி மாற்றியாயிற்றாம், டொக்டர் பார்த்து ஒன்றுமில்லை என்று சொல்லியாயிற்றாம். ஒரு காரணமும் இல்லை, ஆனால் நிறுத்துவதாகவும் இல்லை. நித்திரையில்லாமல் வீங்கிய கண்ணோடு அண்ணா என் பக்கம் திரும்பினார். நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்ட நாளுக்குப் பிறகு அவர் என்னைப் பார்த்துச் சிரித்தது அப்போதுதான்.

“காலமைதொட்டு விடாமல் கத்துறாள், கலா. நிப்பாட்டுறதுக்கு உம்மட்டை ஏதும் வடிகட்டி கிடக்கோ?”

இருந்ததைப் பொலிஸ் நிலையத்திலேயே அழித்துவிட்டேன் அண்ணா என்றேன். சகோதர சகோதரிகளே, எங்கள் தொழிலில் நான் அழித்தவற்றுள் ‘நிச்சயமாகவா?’ என்று யார் கேட்டாலும் யோசிக்காமல் ஆமென்று சொல்லக்கூடியது அது ஒன்றுதான்.